வயாதோலித்: கேணிகளின் மேல் நிற்கும் ஊர்

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் வயாதோலித் என்று ஓர் ஊர். அதன் தென்மேற்கு ஓரத்தில், சிசால் என்ற பகுதியில், 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய பிரான்சிஸ்கன் துறவியர் மடம் ஒன்று இருக்கிறது. மடத்துத் தோட்டத்தில் குவிமாடக் கூரை போட்ட ஒரு கிணற்று மண்டபம். உள்ளே எட்டிப் பார்த்தால் முதலில் இருட்டுதான். கண் பழகிய பிறகே கீழே தண்ணீர் தெரியும். அது மனிதர்கள் வெட்டிய கிணறு அல்ல. பாறை தானாகவே இடிந்து திறந்துகொண்ட பள்ளம். துறவிகள் அதன் வாய்க்கு மேல் மண்டபம் கட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மெக்சிகோவின் தொல்லியல் துறையினர் முக்குளித்துப் பார்த்தபோது அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் கிடந்தன. கூடவே ஒரு பீரங்கி.

துறவிகளின் கிணற்றில் துப்பாக்கிக்கு என்ன வேலை? இந்த ஊரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதைக் கேட்கக்கூட நேரம் இருப்பதில்லை. கான்குன் கடற்கரை விடுதிகளிலிருந்து காலையில் கிளம்பும் வேன்கள் முதலில் சிச்சென் இட்சா என்ற பழைய மாயா நகரத்தின் இடிபாடுகளில் நிற்கும், அப்புறம் 'செனோட்டே' என்ற இயற்கைக் கேணி ஏதாவது ஒன்றில் குளியல், கடைசியாக வயாதோலித்தின் சதுக்கத்தில் முக்கால் மணி நேரம். இடிபாடு, குளியல், பழைய ஊர் என்று மூன்று தனித்தனிச் சமாச்சாரங்களாக அவற்றை விற்கிறார்கள். நிஜத்தில் மூன்றும் ஒரே கதை. தண்ணீர் எங்கே கிடைத்ததோ அங்கேதான் இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாயாக்கள் ஊர் கட்டினார்கள், அங்கேதான் ஸ்பானியர்கள் அதைப் பிடுங்கினார்கள், அங்கேதான் சண்டையும் நடந்தது.

யுகட்டானின் வடபகுதி வரைபடத்தைப் பாருங்கள். நீலக் கோடே இருக்காது. மழை நன்றாகவே பெய்கிறது, ஆனால் ஓர் ஆறு கிடையாது. காரணம், நிலம் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. மேல்மண் மெல்லிய போர்வை மாதிரிதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் விரிசல் வழியே இறங்கிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகளில் பாறைக்குள் குகைகளும் சுரங்கங்களுமாக ஒரு பாதாள உலகமே உருவாகிவிட்டது. ஆறுகள் இல்லாமல் இல்லை, அவை தரைக்கடியில் ஓடுகின்றன. கடலோர ஊரான துலும் அருகே இப்படி நீரில் மூழ்கிய ஒரு குகைத் தொடரை முக்குளிப்போர் 2018-இல் அளந்தபோது 347 கிலோமீட்டர் நீளம் வந்தது.

பனியூழியில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தக் குகைகள் வறண்டு கிடந்தன, கூரையிலிருந்து சொட்டிய நீர் சுண்ணாம்பு விழுதுகளைத் தொங்கவிட்டது. பிறகு கடல் ஏறியது, குகைகள் நிரம்பின. நீருக்கடியில் சுண்ணாம்பு விழுதுகள் எப்படி வளர்ந்தன என்று இப்போது முக்குளிப்போர் வியக்கிறார்களே, வளர்ந்த காலத்தில் அங்கே நீர் இல்லை என்பதுதான் விடை. சில இடங்களில் குகையின் கூரை பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. அந்தத் திறப்புகளே செனோட்டேக்கள். மாயா மொழியில் 'த்சோனோட்' என்ற சொல் ஸ்பானியர் வாயில் செனோட்டே ஆனது. தமிழில் கேணி என்று சொன்னால் பாதிப் பொருள் வந்துவிடும், சுனை என்றால் மீதிப் பாதி.

இங்கே வழிகாட்டிகள் வழக்கமாகச் சொல்லும் ஒரு கதையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்தது யுகட்டானின் வடகரையில்தான், சிக்சுலுப் என்ற ஊருக்குப் பக்கத்தில். சுமார் 180 கிலோமீட்டர் அகலமான அந்தப் பள்ளம் பின்னாளில் படிந்த சுண்ணாம்புக்கு அடியில் புதைந்துவிட்டது. ஆனாலும் அதன் விளிம்பை ஒட்டி, யுகட்டான் மாநிலத் தலைநகரான மெரிடாவைச் சுற்றி, செனோட்டேக்கள் அரைவட்டமாக வரிசை கட்டி நிற்கின்றன. பள்ளத்தின் ஓரத்தில் பாறை நொறுங்கி இருந்ததால் நிலத்தடி நீர் அந்த வழியே ஓடியது. இதுவரை சரி. ஆனால் வயாதோலித் அந்த வளையத்துக்கு வெகு தூரம் கிழக்கே இருக்கிறது. இங்குள்ள கேணிகளுக்கு விண்கல் தேவைப்படவில்லை, மழையும் சுண்ணாம்பும் காலமுமே போதுமாக இருந்தன. 'இந்தக் குளம் டைனோசரைக் கொன்ற கல் தோண்டியது' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வாருங்கள்.

ஆறில்லாத நாட்டில் செனோட்டேதான் குடிநீர். ஊர்கள் அவற்றைச் சுற்றி முளைத்ததில் ஆச்சரியம் இல்லை. சிச்சென் இட்சா என்ற பெயருக்கே, இட்சா என்ற மாயாக் குலத்தாரை வைத்து, 'இட்சாக்களின் கிணற்று வாய்' என்று பொருள். கிணறு என்றால் ஒன்றல்ல. குடிப்பதற்கு ஷ்தோலோக் என்ற ஒன்று, தெய்வத்துக்குக் கொடுப்பதற்கு வேறொன்று. இரண்டாவதுதான் புகழ்பெற்ற 'புனித செனோட்டே'. ஏறக்குறைய 60 மீட்டர் அகலம், செங்குத்துச் சுவர், விளிம்பிலிருந்து 20 மீட்டருக்கும் கீழே பச்சைத் தண்ணீர். பெரிய பிரமிடிலிருந்து அதற்கு நேராக ஒரு வெள்ளைக் கல்பாதை போகிறது. மழைத் தெய்வமான சாக்கிற்கு அங்கே பச்சை மணிக்கல்லும் பொன்னும் செம்பு மணிகளும் சாம்பிராணி போன்ற கோப்பால் பிசினும் போட்டார்கள். மனிதர்களையும்தான். கட்டடங்களின் மூலைகளில் நீண்டு வளைந்த மூக்கோடு சாக்கின் முகம் வரிசையாக இருக்கும். நம் கண்ணுக்கு அது தும்பிக்கையாகவே தெரியும், ஆனால் மாயாக்கள் யானையைப் பார்த்ததே இல்லை.

நரபலி பற்றிய பேச்சில் எப்போதும் கன்னிப் பெண்கள் வந்துவிடுவார்கள். அழகிய கன்னியரைத் தண்ணீரில் தள்ளினார்கள் என்பது வெள்ளைக்காரப் பயணிகள் ஊதிப் பெரிதாக்கிய கதை. கேணியிலிருந்து எடுத்த எலும்புகளிலேயே ஆண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். 2024-இல் வெளியான மரபணு ஆய்வு இன்னொரு திசையைக் காட்டியது. 1967-இல் விமான ஓடுதளம் போடும்போது, புனித செனோட்டேக்குப் பக்கத்தில் ஒரு பழைய நிலத்தடித் தொட்டி அகப்பட்டது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள். அவர்களில் 64 பேரைச் சோதித்தார்கள். அத்தனை பேரும் ஆண் குழந்தைகள். பலர் நெருங்கிய உறவினர்கள், இரண்டு ஜோடி ஒற்றைக்கரு இரட்டையர்களும் இருந்தார்கள். மாயாக்களின் படைப்புக் கதையில் பாதாளத்துக்குள் இறங்கும் இரட்டைச் சகோதரர்கள் வருவதால், தெரிந்தேதான் இரட்டையர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே ஆய்வில், பக்கத்து ஊரில் இன்று வாழும் மாயாக்களோடு அந்தக் குழந்தைகளுக்கு மரபுத் தொடர்ச்சி இருப்பதும் தெரிந்தது. மாயாக்கள் 'மறைந்துபோனார்கள்' என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி மெக்சிகோவில் யுகட்டான் மாயா பேசுவோர் 7.7 லட்சம் பேர்.

பிரமிடைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. நான்கு பக்கமும் 91 படிகள், உச்சியில் ஒன்று, ஆக 365. இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களின் மாலையில் வடக்குப் படிக்கட்டின் ஓரத்தில் நிழல் பாம்பு போல இறங்கும். 2006-இல் ஒரு பயணி விழுந்து இறந்த பிறகு யாரையும் ஏறவிடுவதில்லை. எனக்குச் சுவாரசியமான சேதி அதன் அடியில் இருக்கிறது. 2015-இல் மின்னோட்டத்தைச் செலுத்தித் தரைக்கடியை ஆராய்ந்தபோது, பிரமிடுக்குக் கீழேயும் நீர் நிரம்பிய ஒரு பள்ளம் இருப்பதாகத் தெரிந்தது. கட்டியவர்களுக்கு அது தெரிந்திருந்ததா, தெரிந்தேதான் அதன் தலைமேல் கட்டினார்களா என்ற கேள்வி அதிலிருந்து பிறந்தது.

ஸ்பானியர்கள் முதலில் குடியேற நினைத்ததும் சிச்சென் இட்சாவில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1530-களின் தொடக்கத்தில், படையெடுத்து வந்த மொந்தேஹோவின் மகன் அந்த இடிபாடுகளுக்கு நடுவே ஒரு நகரத்தை நிறுவினான். தண்ணீரும் கல்லும் தயாராக இருந்த இடம், வேறென்ன வேண்டும்? சுற்றியிருந்த கூப்புல் மாயாக்கள் முற்றுகை போட்டார்கள், உள்ளே சாப்பாடு தீர்ந்தது. ஒருநாள் இரவு ஸ்பானியர்கள் ஒரு நாயை மணியின் நாக்கோடு சேர்த்துக் கட்டினார்கள், எட்டாத தூரத்தில் ரொட்டித் துண்டைப் போட்டார்கள். நாய் ரொட்டிக்காகத் தாவத் தாவ மணி அடித்தது. வெள்ளையர் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று மாயாக்கள் நம்பிக்கொண்டிருக்க, அவர்கள் இருட்டில் நழுவிவிட்டார்கள். இதை எழுதி வைத்தவர் பாதிரியார் தியேகோ தெ லாந்தா. 1562-இல் மானி ஊரில் மாயா ஏடுகளைத் தீயில் போட்டவரும் அவரே. மாயாக்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பங்கு அவர் எழுத்திலிருந்து வருகிறது என்பதை நினைத்தால் கசப்பாக இருக்கும்.

வயாதோலித் அடுத்த முயற்சி. 1543-இல் மொந்தேஹோவின் அண்ணன் அல்லது தம்பி மகன் (ஸ்பானிய மொழி அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, வரலாறு அவனை 'எல் சோப்ரீனோ' என்றே அழைக்கிறது) ஸ்பெயினில் இருக்கும் அதே பெயருள்ள நகரின் நினைவாக, ஒரு சதுப்புநில ஏரிக்கரையில் ஊரைத் தொடங்கினான். தண்ணீர் இருந்தது, ஆனால் கூடவே கொசுவும் காய்ச்சலும் இருந்தன. இரண்டே ஆண்டில், 1545 மார்ச்சில், ஊரைப் பெயர்த்துக்கொண்டு உள்நாட்டுக்குள் வந்தார்கள். வந்து இறங்கிய இடம் சசீ. 'வெள்ளைப் பருந்து' என்று பொருள்படும் மாயா நகரம். பிரமிடுகள் இருந்தன, நடுவில் ஒரு பெரிய கேணி இருந்தது. பிரமிடுகளைப் பிரித்து அந்தக் கற்களாலேயே தேவாலயமும் வீடுகளும் கட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே, 1546 நவம்பரில், சுற்று வட்டார மாயாக்கள் கிளர்ந்தார்கள். ஸ்பானியர்களை மட்டுமா கொன்றார்கள்? அவர்கள் கொண்டுவந்த நாய்களையும் பூனைகளையும் விடவில்லை, அவர்கள் நட்ட மரங்களையும் வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். வந்தேறிய எதுவும் மண்ணில் மிஞ்சக்கூடாது என்ற அளவுக்குக் கோபம்.

சசீ கேணி இன்றும் ஊருக்கு நடுவே இருக்கிறது, சதுக்கத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். படிகளில் இறங்கினால் பாதிக் குகை, பாதி வானம். சுவரில் செடிகள் தொங்கும், தண்ணீரில் கறுப்பு மீன்கள் நீந்தும். பள்ளி விட்ட பையன்கள் மேலேயிருந்து குதிப்பார்கள். கான்குன் பக்கத்துப் படங்களில் வருகிற கண்ணாடி நீலம் இங்கே இருக்காது. ஆனால் ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பதற்கான காரணம் இந்தப் பள்ளம்தான்.

துறவிகள் சதுக்கத்தில் தங்கவில்லை. அது ஸ்பானியர்களின் இடம். மாயாக்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட சிசாலில், 1552-இல் தொடங்கி 1560-இல் முடித்து, சான் பெர்னர்தினோ மடத்தைக் கட்டினார்கள். 'சிஸ் ஹா' என்றால் குளிர்ந்த நீர். மடத்துக் கேணிக்கு அந்தப் பெயர், பகுதியின் பெயரும் அதிலிருந்தே. 1613-இல் அதன் மேல் மண்டபம் கட்டி, நீரிறைக்கும் சக்கரம் பூட்டினார்கள். ஊரின் மற்றத் தெருக்கள் எல்லாம் கோடு போட்டது போல நேர். இரட்டைப்படை எண் தெருக்கள் வடக்கு-தெற்கு, ஒற்றைப்படை கிழக்கு-மேற்கு. ஒரே ஒரு தெரு மட்டும் குறுக்கே சாய்ந்து ஓடும். 'துறவிகளின் பாதை' என்று பெயர். ஸ்பானியச் சதுக்கத்தையும் மாயாச் சேரியையும் இணைத்த வழி அது. இன்று அதன் இரு பக்கமும் வாசனைத் திரவியக் கடை, சாக்லேட் கடை, மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூசிய வீடுகள். படம் எடுக்க எல்லாரும் வருகிற தெரு. எனக்கு அது ஒரு எல்லைக்கோட்டின் தழும்பாகவே தெரிகிறது.

சதுக்கத்துத் தேவாலயம் ஏன் வடக்கு பார்த்து நிற்கிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. இங்கே தேவாலயங்களுக்கு வாசல் வழக்கமாக மேற்கில். 1703-இல் அரசியல் சண்டையில் தப்பி ஓடிய இருவர் உள்ளே அடைக்கலம் புகுந்தார்கள், துரத்தி வந்தவர்கள் கோயிலுக்குள்ளேயே அவர்களை வெட்டினார்கள். தீட்டுப்பட்ட கட்டடம் என்று ஆயர் அதை இடிக்கச் சொன்னார். 1706-இல் திரும்பக் கட்டியபோது வாசலை வேறு திசைக்குத் திருப்பிவிட்டார்கள்.

இனி அந்தத் துப்பாக்கிகள். 19-ஆம் நூற்றாண்டில் யுகட்டானிலேயே குலப்பெருமை அதிகம் பேசிய ஊர் வயாதோலித். கலப்பில்லாத ஸ்பானிய ரத்தம் என்று சொல்லிக்கொண்டவர்கள் நடு ஊரில் இருந்தார்கள், மாயாக்களும் கலப்பினத்தவரும் புறச்சேரிகளில். கரும்புத் தோட்டங்கள் பெருகப் பெருக மாயாக்களின் சோள நிலங்களும் அவற்றோடு கேணிகளும் கைமாறின. 1847 ஜூலையில் சிச்சிமிலா ஊர்த் தலைவர் மனுவேல் அந்தோனியோ ஆய், கிளர்ச்சிக்குச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு இங்கே கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து தெபிச் கிராமத்தில் செசிலியோ சி தலைமையில் போர் வெடித்தது. 1848 மார்ச்சில் வயாதோலித்தே மாயாக்கள் கையில் விழுந்தது. ஊர் மொத்தமும் காலிசெய்துகொண்டு ஓடியது. கேணியில் கிடந்த துப்பாக்கிகள் இந்தப் போர்க் காலத்தவை. எதிரி கைக்குப் போகாமல் இருக்க, ஒளிப்பதற்கு அங்கே அதைவிட ஆழமான இடம் ஏது? அவற்றில் சில இன்று மடத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்தப் போருக்கு வெள்ளையர் வைத்த பெயர் 'காஸ்டா போர்'. சாதிப் போர் என்று மொழிபெயர்த்தால் தமிழ் வாசகருக்குச் சட்டென்று புரியும், புரிவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஐபீரிய மொழிகளின் 'காஸ்டா' என்ற அதே சொல்லைத்தான் போர்த்துக்கீசியர்கள் நம் சமூகத்தைப் பார்த்ததும் சூட்டினார்கள், ஆங்கிலேயர் அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அங்கே அது யார் எந்த ரத்தம் என்ற அடுக்கு. நடு ஊர், புறச்சேரி என்ற வரைபடத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1848 மே மாதத்தில் மாயாப் படை மெரிடாவையே நெருங்கிவிட்டது. பிறகு திடீரென்று கலைந்தது. ஏன்? தளபதி ஒருவரின் மகன் பல ஆண்டுகளுக்குப் பின் சொன்ன காரணம் இது: சிறகு முளைத்த எறும்புகள் கிளம்பிவிட்டன. மழை வரப்போகிறது என்று அர்த்தம். விதைக்காவிட்டால் பிள்ளைகள் பட்டினி. வீரர்கள் வெட்டுக்கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குத் திரும்பினார்கள். வரலாற்றாசிரியர்கள் இதை முழுக்க ஏற்பதில்லை, படையின் களைப்பு, வெள்ளையருக்கு வந்த ஆயுத உதவி என்று வேறு காரணங்களும் சொல்வார்கள். ஈசல் பறந்தால் மழை என்று கணக்குப் போடுகிற ஊரில் வளர்ந்த எனக்கு இந்தக் கதையைத் தள்ள மனம் வரவில்லை. தோற்றவர்களும் முழுசாகத் தோற்கவில்லை. 1850-இல் கிழக்குக் காட்டில், ஒரு செனோட்டேக்கு அருகே மரத்தில் செதுக்கியிருந்த சிலுவை பேசியதாகச் செய்தி பரவியது. அந்த இடத்தில் மாயாக்கள் தங்களுக்கென்று தலைநகர் கட்டி, 1901 வரை மெக்சிகோ அரசை உள்ளே விடாமல் ஆண்டார்கள். பேசும் சிலுவையும் தண்ணீர்ப் பக்கத்தில்தான் பேசியது.

எறும்புக் கதையைக் கேட்டு எழுதிய ஆள் எட்வர்ட் தாம்சன், அமெரிக்கத் தூதரக அதிகாரி. இவர் 1894-இல் சிச்சென் இட்சா இடிபாடுகள் அடங்கிய பண்ணையை மொத்தமாக விலைக்கு வாங்கினார். 1904 முதல் சில ஆண்டுகள் புனித செனோட்டேயில் தூர்வாரும் எந்திரத்தை இறக்கிச் சேற்றை அள்ளினார். கிடைத்த பொன்னும் மணிக்கல்லும் எலும்பும் கமுக்கமாக ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மெக்சிகோ வழக்குப் போட்டது, ஆனால் 1944-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தாம்சனின் வாரிசுகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பொருட்களில் ஒரு பகுதியை அருங்காட்சியகம் பிற்பாடு திருப்பிக் கொடுத்தது. நிலம் ஓர் உள்ளூர்ப் பணக்காரக் குடும்பத்துக்குக் கைமாறியது. யுனெஸ்கோ பட்டியலில் 1988-இல் ஏறி, 2007-இல் புதிய உலக அதிசயம் என்ற பட்டமும் வாங்கிய அந்தப் பிரமிடின் கீழுள்ள மண், 2010-இல் யுகட்டான் மாநில அரசு 22 கோடி பெசோ கொடுத்து வாங்கும்வரை தனியார் சொத்தாகவே இருந்தது. இன்றும் உள்ளே நுழைய இரண்டு கட்டணங்கள் வாங்குகிறார்கள், ஒன்று மத்திய தொல்லியல் துறைக்கு, ஒன்று மாநில அரசுக்கு.

சரி, போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கான்குனிலிருந்தும் மெரிடாவிலிருந்தும் வயாதோலித் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். பேருந்து உண்டு, 2023 டிசம்பரிலிருந்து மாயா ரயிலும் ஓடத் தொடங்கியிருக்கிறது. கான்குன் இருக்கும் கின்டானா ரூ மாநிலத்தின் கடிகாரம் யுகட்டானைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். வரும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது விமானத்தைத் தவறவிட அது போதும். என் யோசனை, வயாதோலித்தில் இரண்டு இரவாவது தங்குவது. சிச்சென் இட்சா மேற்கே சுமார் 45 கிலோமீட்டர், காலை 8 மணிக்குக் கதவு திறக்கும். முதல் ஆளாகப் போனால் கான்குன் வேன்கள் வந்து சேர்வதற்குள் பார்த்துவிடலாம். பிரமிடைச் சுற்றி மரச் சிறுத்தைத் தலைகளை வாயில் வைத்து உறுமவைத்து விற்கும் வியாபாரிகளை இரைச்சல் என்று பலர் திட்டுவார்கள். பெரும்பாலோர் பக்கத்து ஊர் மாயாக்கள். அவர்கள் பாட்டன் பூட்டன் ஊர்தானே அது.

வடக்கே 30 கிலோமீட்டருக்குள் எக் பலாம் இருக்கிறது. கூட்டம் குறைவு, என்னைக் கேட்டால் சிச்சென் இட்சாவைவிட இதற்குத்தான் முதலிடம். 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உகித் கான் லெக் தோக் என்ற அரசனின் கல்லறை வாசல் ஒரு பெரிய விலங்கின் திறந்த வாய் வடிவில் இருக்கிறது. கீழ்ப்பல் வரிசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மேலே சிறகு வைத்த மனித உருவங்கள், எல்லாம் சுண்ணச் சுதையில். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் அது உதிராமல் இருப்பதற்குக் காரணம், மாயாக்களே அதைக் கல்லும் மண்ணும் போட்டுப் பக்குவமாக மூடி வைத்தார்கள். மாயாக் கட்டடங்களின் வாசல் உத்தரங்களில் சில இடங்களில் பழைய மரம் அப்படியே இருக்கும். சப்போட்டா மரம். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் அதே சப்போட்டாதான், இந்தக் காடுகள்தான் அதன் தாய்வீடு, பெயரும் ஸ்பானியச் சொல்லான 'சப்போத்தே' வழியாக வந்ததே.

சாப்பாட்டில் ஆரஞ்சுச் சாறும் அன்னாட்டோ விதையும் தடவி மண்குழியில் வேகவைக்கும் பன்றிக்கறி, கொச்சினீதா பிபில், இங்கே பிரசித்தம். கறி வேண்டாம் என்பவர்கள் பாப்பாட்சூல் கேட்கலாம். பூசணி விதை அரைத்த சாற்றில் தோய்த்த சோள ரொட்டி, உள்ளே அவித்த முட்டை.

செனோட்டேயில் இறங்குமுன் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள், சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்க விடமாட்டார்கள். கெடுபிடி என்று முணுமுணுக்க வேண்டாம். சுண்ணாம்புப் பாறை தண்ணீரை வடிகட்டுவதில்லை, ஓட்டை வழியே அப்படியே கீழே அனுப்பிவிடும். ஓரிடத்தில் விழுந்த அழுக்கு இன்னோரிடத்தில் குடிநீரில் வரும். ஆபத்து நீந்துகிறவர்களால் மட்டுமல்ல. பல ஊர்களில் சரியான பாதாளச் சாக்கடை இல்லை. மெரிடாவுக்குத் தென்கிழக்கே ஹோமுன் என்ற ஊரில் 49,000 பன்றிகளை வளர்க்கும் பண்ணை ஒன்று வந்தபோது, செனோட்டேக்களை நம்பிப் பிழைக்கும் மாயாக்கள் குழந்தைகளின் பெயரில் நீதிமன்றம் போய் 2018-இல் அதை நிறுத்தி வைத்தார்கள். மாயா ரயிலின் கடலோரப் பிரிவில், தூண்களுக்கான இரும்புக் குழாய்கள் குகைக் கூரைகளைத் துளைத்து இறங்கியதைச் சூழலியலாளர்கள் படம் பிடித்துக் காட்டினார்கள். நிலத்துக்கு மேலே அழகாக ஓடும் ரயில், கீழே நீர் இருக்கும் அறைகளுக்குள் கால் ஊன்றி நிற்கிறது.

குளிக்க ஒன்றே ஒன்று என்றால் த்சித்னுப் கிராமத்துக்குப் போங்கள், வயாதோலித்திலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். எதிரெதிரே இரண்டு கேணிகள், ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். சாமுலாவில் மேலே நிற்கும் மரத்தின் வேர்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு கயிறு போலக் கீழே தண்ணீர் வரை தொங்குகின்றன. மற்றது இஷ்கெக்கேன். குனிந்து, வழுக்கும் படியில் கயிற்றைப் பிடித்து இறங்கினால் திடீரென்று பெரிய மண்டபம். கூரையில் ஒரே ஓட்டை. நண்பகல் வெயில் அதன் வழியே ஒற்றைக் கம்பமாக இறங்கித் தண்ணீரைத் தொடும், தொட்ட இடம் மட்டும் அடிவரை நீலமாகத் தெரியும், சுற்றிலும் கறுப்பு. சின்ன மீன்கள் காலைக் கடிக்க வரும்.

இஷ்கெக்கேன் என்றால் மாயா மொழியில் பன்றி. கிராமத்தில் சொல்லும் கதை இது. ஒரு வறட்சிக் காலத்தில் ஒரு குடியானவனின் பன்றி காணாமல் போனது. தேடிச் சலித்தபோது அதுவாகவே திரும்பி வந்தது. உடம்பெல்லாம் ஈரச் சேறு. சுற்று வட்டாரத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லாத நேரத்தில் இதற்கு மட்டும் சேறு எங்கே கிடைத்தது என்று யோசித்து, மறுநாள் அவன் பன்றியின் பின்னாலேயே நடந்து போனானாம்.